சுதி விலகினால் இரண்டு நிமிடம் கேட்கும்: புரோகிரசிவ் ஹவுஸில் கீயும் டெம்போவும்

ஹிப்ஹாப் டிஜே ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு இரண்டே பீட்டில் தாவிவிடலாம். டெக்னோவில் பெரும்பகுதி தாளம்தான்; இரண்டு டிராக் லேசாக உரசினாலும் அது சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும். புரோகிரசிவ் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையில் அந்தச் சலுகை கிடையாது. ஏழெட்டு நிமிட டிராக்குகள், நீண்டு ஒலிக்கும் சிந்த் ஒலிகள், மெல்ல அவிழும் மெலடி. ஒன்று வெளியேறுவதற்குள் இன்னொன்று உள்ளே வந்து, இரண்டும் ஒரு நிமிடம், சில நேரம் இரண்டு நிமிடம் சேர்ந்து ஓடும். சுதி சற்றே விலகியிருந்தாலும், தாளம் இருபது மில்லிசெகண்ட் தள்ளியிருந்தாலும் அரங்கம் அவ்வளவு நேரமும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்தப் பாணி 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவானது. புரோகிரசிவ் ஹவுஸ் என்ற பெயரை 1992இல் மிக்ஸ்மேக் பத்திரிகை புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மான்ஸ்ஃபீல்ட் நகரில் தொடங்கிய ரினைசன்ஸ் கிளப்பில் டிஜேக்கள் சாஷாவும் ஜான் டிக்வீடும் நீண்ட மிக்ஸ்களுக்குப் பெயர் வாங்கினார்கள். பிறகு நியூயார்க்கின் ட்விலோ கிளப்பில், அது 2001இல் மூடப்படும் வரை, இருவரும் மாதாந்திர இரவுகளை நடத்தினார்கள். இன்று இந்த இசைக்கு மிகத் தீவிரமான ரசிகர் கூட்டம் இருப்பது பியூனஸ் அயர்ஸில். டிஜே எர்னான் கத்தானியோவின் மணிக்கணக்கான செட்கள் அங்கே ஒரு சடங்கு மாதிரி. ரினைசன்ஸ் காலத்தில் எல்லாம் வினைல்தான். கீயை, அதாவது டிராக்கின் ஆதார சுதியையும் சுரவரிசையையும், காட்டும் திரை கிடையாது; இரண்டு டிராக்கின் தாளத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பொத்தான் கிடையாது. அந்தக் காலத்தின் ஒரு சிக்கலைப் புரிந்துகொண்டால் இன்றைய மென்பொருள் எங்கே கைவிடும் என்பது தானாகவே விளங்கும்.

ஒரே ஃபேடர், இரண்டு வேலை

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 டர்ன்டேபிளில் (1979) பிட்ச் ஃபேடர் ±8% நகரும். அதை நகர்த்தினால் தட்டு சுற்றும் வேகம் மாறும். வேகத்தோடு சுதியும் மாறும். இரண்டையும் பிரிக்க வழியில்லை. கணக்கு எளிது. ஓர் அரைச்சுரம், அதாவது ஹார்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து அதை ஒட்டிய கறுப்புக் கட்டைக்குப் போகும் தூரம், வேகத்தில் 5.95%. அந்த அரைச்சுரத்தை 100 சென்ட்டாகப் பிரித்தால், ஃபேடரின் ஒவ்வொரு 1 சதவீதமும் ஏறத்தாழ 17 சென்ட்.

ஏ மைனரில் 118 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 118 பீட்) இருக்கும் டிராக்கை 125க்கு ஏற்றினால் மாற்றம் 5.93%. டிராக் கிட்டத்தட்ட கச்சிதமாக பி ஃபிளாட் மைனருக்குப் போய்விடும். அட்டையில் ஏ மைனர் என்று எழுதிவைத்திருந்தாலும் ஸ்பீக்கரில் வருவது வேறு கீ. இதையாவது சமாளிக்கலாம், புதிய கீக்குப் பொருத்தமான டிராக்கைத் தேடினால் போதும். உண்மையான தொல்லை நடுவழியில் இருக்கிறது. 122இல் இருப்பதை 126க்கு ஏற்றினால் 3.28%, அதாவது 56 சென்ட். அது பழைய கீயிலும் இல்லை, அடுத்த கீயிலும் இல்லை. சுதிப்பெட்டி ஒன்றிலும் வீணை இன்னொன்றிலும் நிற்பது போன்ற நிலை. கீகளுக்கு எண் தரும் சக்கரத்தைக் கீழே பார்ப்போம்; அதுவும் இதற்கு எண் தராது.

பேஸில், அதாவது தாழ்ந்த ஒலியில், இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். இரண்டு டிராக்கும் ஏ மைனர், இரண்டின் பேஸும் 55 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 124 பிபிஎம்மில் உள்ள ஒன்றை 122க்கு இறக்கினால் அதன் பேஸ் 54.1 ஹெர்ட்ஸ் ஆகும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ ஒரு தடவை பேஸ் வீங்கி வடியும். மானிட்டர் ஸ்பீக்கரில் அது தெரியாமலே போகலாம். பெரிய சப்வூஃபர் முன்னால் நிற்பவர் வயிற்றில் உணர்வார்.

வேகத்தை மாற்றியும் சுதியை அப்படியே வைத்திருக்கும் மாஸ்டர் டெம்போ வசதி பயனியரின் சிடி பிளேயர்களில் 1990களிலேயே வந்துவிட்டது. இன்று எல்லா மென்பொருளிலும் உண்டு, கீ லாக் என்ற பெயரிலும். ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி, இழுத்தோ நெருக்கியோ ஒட்டும் வேலை அது. கிக் டிரம் அடியின் முனை மழுங்கும், ஹை-ஹாட் தாளத்தட்டில் மணல் உரசுவது போன்ற ஒலி சேரும், நீண்ட ஒலிகள் லேசாக நடுங்கும். 2 சதவீதத்துக்குள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 4 சதவீதத்தைத் தாண்டினால், நல்ல ஒலியமைப்பில் தெரிந்துவிடும்.

நடைமுறையில் உதவும் அளவு இது: 122 அருகில் 1 பிபிஎம் என்பது 0.8%, சுமார் 14 சென்ட். இரண்டு டிராக்கின் அசல் வேகமும் 1 பிபிஎம்முக்குள் இருந்தால் மாஸ்டர் டெம்போவை அணைத்தே வைக்கலாம். கிக் சுத்தமாக இருக்கும், சுதி விலகலும் பொறுக்கும் அளவில் இருக்கும். அதற்கு மேல் போனால் போட்டுக்கொள்வது நல்லது. இரண்டு டிராக்கையும் ஒரே அளவு ஏற்றியிருந்தால் அவற்றுக்கிடையே விலகலே இருக்காது. இரண்டும் சேர்ந்து 20 சென்ட் மேலே போனாலும் அரங்கத்துக்குத் தெரியாது. பார்க்க வேண்டியது வித்தியாசத்தை மட்டும்தான். ஆகவே முதலில் வேகத்தை முடிவு செய்து, பிறகு கீயைப் பார்ப்பது பாதுகாப்பான வரிசை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேமலாட் சக்கரமும் கட்டையும்

கீகளை 1 முதல் 12 வரை கடிகாரம் போல அடுக்கி, மைனருக்கு ஏ, மேஜருக்கு பி என்று எழுத்து சேர்த்த கேமலாட் சக்கரத்தை வகுத்தவர் மார்க் டேவிஸ். மிக்ஸ்ட் இன் கீ மென்பொருள் அதைப் பரப்பியது. 8ஏ என்றால் ஏ மைனர், 8பி என்றால் சி மேஜர். டிராக்டர் என்ற டிஜே மென்பொருளில் வரும் ஓப்பன் கீ முறையும் இதே சக்கரம்தான், தொடங்கும் இடம் மட்டும் வேறு: அங்கே ஏ மைனர் 1எம்.

கர்நாடக இசை ஓரளவு தெரிந்தவருக்கு இந்தச் சக்கரம் புதிதல்ல. சி என்பது 1 கட்டை, டி 2, ஈ 3, ஏ 6 கட்டை. 8ஏ என்பது 6 கட்டையை ஆதார சட்ஜமாக வைத்த நடபைரவி. அதே சுரங்களை வைத்துக்கொண்டு 1 கட்டையை சட்ஜமாக்கினால் சங்கராபரணம், அதுதான் 8பி. கிரக பேதம் என்று நாம் சொல்வதைத்தான் சக்கரம் 'எண் அதே, எழுத்து வேறு' என்று காட்டுகிறது. எண்ணில் ஒன்று கூடுவது பஞ்சமத்தைப் புதிய சட்ஜமாக்குவது: 8ஏ-யிலிருந்து 9ஏ-க்குப் போனால் 6 கட்டையிலிருந்து 3 கட்டைக்கு. ஏழு சுரத்தில் ஒன்றே ஒன்று மாறும். எஃப் இருந்த இடத்தில் எஃப் ஷார்ப் வரும். 7ஏ-க்கு இறங்கினாலும் ஒன்றுதான். பி இருந்த இடத்தில் பி ஃபிளாட்.

எல்லோரும் சொல்லும் விதி இதிலிருந்து வருகிறது. ஒரே எண்ணும் எழுத்தும், ஓர் எண் மேலே அல்லது கீழே, அதே எண்ணில் எழுத்து மட்டும் மாற்றம்: இந்த நான்கும் பொருந்தும். விதி சரிதான், ஆனால் அரைகுறை. மாறும் அந்த ஒரு சுரம் டிராக்கில் எங்கே வருகிறது என்பதை அது சொல்வதில்லை.

ஏ மைனரில் மிகச் சாதாரணமான கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசை ஏ மைனர், எஃப், சி, ஜி. அந்த எஃப் கார்ட் முழுவதும் எஃப் என்ற சுரத்தின் மீதுதான் நிற்கிறது. உள்ளே வரும் டிராக் 9ஏ, அதன் மெலடி எஃப் ஷார்ப்பைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது என்றால், சக்கரம் பச்சை விளக்கு காட்டினாலும் நான்கு பாருக்கு (ஒரு பார் நான்கு பீட்) ஒரு தடவை இரண்டும் முட்டிக்கொள்ளும். பதினைந்து நொடி மிக்ஸில் அது இரண்டே முறை. ஒரு நிமிட மிக்ஸில் எட்டு முறை. யார் காதும் தப்பாது. வெளியேறும் டிராக் ஏ, சி, ஈ மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒரு சின்ன ஆர்பெஜியோவாக இருந்தால் அதே 9ஏ தேனாகப் பொருந்தும். மோதலைத் தீர்மானிப்பது கீயின் பெயரைவிட, ஒன்றின் மேல் ஒன்று விழும் பகுதியில் உண்மையில் என்ன சுரம் ஒலிக்கிறது என்பதுதான்.

8ஏ-யிலிருந்து 8பி-க்குப் போகும்போது மேல்சுரங்கள் உரசாது, சிக்கல் கீழே. ஒரு பேஸ் 55 ஹெர்ட்ஸில், இன்னொன்று 65 ஹெர்ட்ஸில் நிற்கும். அவ்வளவு தாழ்வில் அந்த இடைவெளி இனிமையாகக் கேட்காது, சேறாகத்தான் கேட்கும். பேஸை ஒரே பீட்டில் மாற்றிவிட வேண்டும்.

இரண்டு எண் தாவுவது (8ஏ-யிலிருந்து 10ஏ), ஏழு எண் தாவி அரைச்சுரம் ஏறுவது (8ஏ-யிலிருந்து 3ஏ) இரண்டையும் கூட்டத்தை உசுப்பும் உத்தியாகச் சொல்வார்கள். ஏறும் உணர்வு வருவது உண்மை. ஆனால் இரண்டு மெலடியும் சேர்ந்து ஒலிக்கும்படி வைத்தால் அலங்கோலம். தாளம் மட்டும் உள்ள முன்பகுதியோடு சேர்த்துவிட்டு, பழைய மெலடி அடங்கிய பிறகே புதியதைத் திறக்க வேண்டும்.

மென்பொருள் ஏன் தவறுகிறது

கீ கண்டறியும் மென்பொருள், டிராக் முழுக்க எந்தச் சுரம் எவ்வளவு ஒலிக்கிறது என்று எண்ணி, அதை மேஜர், மைனர் அச்சுகளோடு ஒப்பிடுகிறது. இதில் அடிக்கடி நேரும் பிழைகள் மூன்று.

முதலாவது, மோட்கள், அதாவது வழக்கமான மேஜர், மைனர் அல்லாத சுரவரிசைகள். புரோகிரசிவ் ஹவுஸில் டோரியன் அடிக்கடி வரும். நமக்கு அது கரஹரப்ரியா. 6 கட்டை கரஹரப்ரியாவின் சுரங்கள் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி. இவை அப்படியே 9ஏ-யின் சுரங்கள். ஆனால் பேஸ் நிற்பது ஏ-யில். மென்பொருள் 8ஏ என்றும் சொல்லலாம், 9ஏ என்றும் சொல்லலாம். இரண்டும் பாதி உண்மை. இப்படிப்பட்ட டிராக் 9ஏ-யோடு அருமையாகச் சேரும், எஃப் கார்ட் உள்ள 8ஏ-யோடு முட்டும். இரண்டாவது, பஞ்சமக் குழப்பம். தாழ்ந்த ஏ ஒலிக்கும்போது அதன் மூன்றாவது ஹார்மோனிக் ஈ. பேஸ் ஓங்கியிருந்தால் ஈ-யின் கணக்கு கூடி, கீ ஓர் எண் தள்ளிப் பதிவாகும். மூன்றாவதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை: வினைலில் இருந்து பதிவு செய்தவையும், பழைய சாம்பிளின் மேல் கட்டியவையும் ஏ என்றால் 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவுக்குச் சரியாக நிற்பதில்லை. 40 சென்ட் தள்ளியிருந்தாலும் மென்பொருள் பக்கத்துக் கீக்கு முழுமையாக்கிவிடும். இரண்டு டிராக்கும் 8ஏ, ஆனால் சேர்த்தால் புளிக்கும். சிடிஜே-3000 பிளேயரில் (2020) வந்த கீ ஷிஃப்ட் அரைச்சுர அளவில் நகர்வதால் இதற்கு உதவாது. சென்ட் அளவில் நகரும் கீ குமிழ் உள்ள மென்பொருள் வேண்டும்; இல்லையென்றால் மாஸ்டர் டெம்போவை அணைத்து, வேகத்தால் சுதி சரியாகும் ஜோடியைத் தேட வேண்டும்.

சரிபார்ப்பது கடினமில்லை. டிராக்கின் பிரேக்டவுனை (கிக் நின்று மெலடி ஓங்கும் பகுதியை) ஓடவிட்டு, எந்த ஒரு சுரத்தை முணுமுணுத்தால் எல்லாக் கார்டும் வந்து வந்து அதில் அடங்குகிறதோ, அதைப் பிடித்து ஃபோன் பியானோவில் ஒப்பிட வேண்டும். பிறகு அதற்கு மேல் மூன்று அரைச்சுரத்தில் உள்ள சுரத்தையும் நான்கில் உள்ளதையும் வாசித்துப் பார்த்தால் மைனரா மேஜரா என்பது தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. கிடைத்ததைக் கோப்பின் குறிப்பில் எழுதி, மெலடி எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துவிட்டால் மேடையில் நெற்றி சுருங்காது.

0.1 பிபிஎம் என்றால் எவ்வளவு

122 பிபிஎம்மில் ஒரு பீட் 0.492 நொடி, நான்கு பீட் கொண்ட ஒரு பார் ஏறத்தாழ 1.97 நொடி, 16 பார் 31.5 நொடி, 32 பார் 63 நொடி. இரண்டு கிக்குகளுக்கு இடையே 20 முதல் 30 மில்லிசெகண்ட் வந்துவிட்டால் ஒற்றை அடி இரட்டை அடியாகத் தெறிக்கும். வேகத்தில் 0.1 பிபிஎம் பிழை இருந்தால் 16 பாருக்குள் அந்த எல்லைக்கு வந்துவிடும். கிக் 16 பாரில் தெறிக்கத் தொடங்கினால் 0.1 திருத்த வேண்டும், 32 பாரில் என்றால் 0.05. கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்ய இந்த ஒரு கணக்கு போதும்.

சிடிஜே-2000 வகை பிளேயர்களில் டெம்போ வீச்சை ±6 என்று வைத்தால் ஃபேடர் 0.02% படியில் நகரும். ±10 அல்லது ±16இல் 0.05%. பலர் ±10இலேயே விட்டுவிட்டு, ஃபேடர் பிடிவாதம் பிடிக்கிறது என்று சலித்துக்கொள்வார்கள். 122இல் இருந்து ±6 என்பதே 114.7 முதல் 129.3 வரை போகிறது. இந்த இசைக்கு அது தாராளம்.

காதால் சேர்க்கும் முறை மாறவில்லை. உள்ளே வரும் டிராக்கின் முதல் கிக்கில் கியூ (தொடங்கும் இடத்தின் அடையாளம்) வைத்து, ஓடும் டிராக்கின் ஃப்ரேஸ் (இசைக் கட்டம்) தொடக்கத்தில் விட வேண்டும். ஹெட்ஃபோனில் புதியது முந்துகிறதா பிந்துகிறதா என்று கேட்டு, பிளேயரின் ஜாக் வீலை (கையால் சுழற்றும் வட்டை) வைத்து இடத்தைச் சரிசெய்து, அதே திசையில் ஃபேடரையும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். முந்துகிறதா பிந்துகிறதா என்பது கிக்கைவிட கிளாப்பிலும் ஹை-ஹாட்டிலும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அவற்றின் முனை கூர்மை.

சிங்க் போட்டால் இதெல்லாம் தேவையில்லையே என்றால், சிங்க் சேர்ப்பது இரண்டு கிரிட்களை, அதாவது மென்பொருள் டிராக்கின் மேல் போட்ட பீட் கோடுகளை; ஒலியை அது கேட்பதில்லை. கிரிட் 0.01 பிபிஎம் தவறாக இருந்தால் எட்டு நிமிட டிராக்கின் முடிவில் 39 மில்லிசெகண்ட் விலகியிருக்கும். மிக்ஸ் நடப்பதும் அந்த முடிவில்தான். ஆகவே கிரிட்டை முதல் கிக்கில் மட்டும் பார்க்காமல் கடைசி நிமிடத்திலும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சில எம்பி3 கோப்புகளில் ஒரு மென்பொருளில் போட்ட கிரிட், இன்னொன்றுக்கு மாற்றும்போது சுமார் 26 மில்லிசெகண்ட் நகர்ந்துவிடும். கோப்பின் தொடக்கத்தில் உள்ள வெற்றுப் பகுதியை ஒவ்வொன்றும் வேறு மாதிரி எண்ணுவதே காரணம். 1990களின் வினைல் பதிவுகளில் வேகமே சீராக இருக்காது. ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளில் அவற்றுக்கு டைனமிக் பகுப்பாய்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் சிங்க்கை அணைத்துவிட்டுக் கையால் பிடிக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது

இந்த இசை 16 பார், 32 பார் கட்டங்களாக நகரும். சேர்க்கும் புள்ளியைப் பின்னாலிருந்து எண்ணுவது நல்லது. வெளியேறும் டிராக்கின் பேஸ் 193ஆவது பாரில் ஓய்ந்துவிடுகிறது, உள்ளே வருவதன் பேஸ் 33ஆவது பாரில் தொடங்குகிறது என்றால், புதியதை 161ஆவது பாரில் விட வேண்டும். 122 பிபிஎம்மில் அது 5 நிமிடம் 15 நொடி. அங்கே ஒரு மெமரி கியூ வைத்துவிட்டால் பேஸ் தன்னாலேயே கைமாறும். அப்படி அமையாத டிராக்குகளில் நீங்களே மாற்ற வேண்டும்: புதியதன் லோ ஈக்யூவை (தாழ்ந்த ஒலிக்கான குமிழை) முழுக்க இறக்கி வைத்து, ஃப்ரேஸ் திரும்பும் பீட்டில் ஒன்றை இறக்கி மற்றதை ஏற்ற வேண்டும். மிட்டில் (நடு ஒலியில்) இவ்வளவு கடுமை வேண்டாம். பழைய மெலடியை எட்டு பாருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளினால் போதும். புதியதன் பிரேக்டவுன் பழையதன் கிக் நின்ற பிறகு உடனே வரும்படி அமைந்துவிடக் கூடாது. அரங்கத்தில் இரண்டு நிமிடம் கிக்கே இல்லாமல் போய், ஆட்கள் மதுக்கூடம் பக்கம் நடக்கத் தொடங்குவார்கள்.

டிலே, ரிவர்ப் போன்ற எதிரொலி எஃபெக்ட்களின் வால்களையும் மறக்கக் கூடாது. ஃபீட்பேக் கூட்டி விட்ட டிலே பழைய கீயின் சுரங்களை எட்டு, பத்து நொடிக்குப் புதிய டிராக்கின் மேல் தூவிக்கொண்டே இருக்கும். கீ மாறும் மிக்ஸில் எஃபெக்ட்டின் ஃபில்டரால் நடுவைக் குறைத்து, மேல் ஒலியை மட்டும் விடலாம்.

செட்டின் வேகத்தை 119இலிருந்து 123க்கு இரண்டு மணி நேரத்தில் ஏற்றுவது வழக்கமான பயணம். இருபது டிராக் என்று வைத்தால், ஒன்றுக்கு 0.2 பிபிஎம். இரண்டு டிராக்கும் ஓடும்போது தொடாமல், பழையது வெளியேறிய பிறகு, எட்டு பாருக்கு ஒரு சிறு படியாக நகர்த்தலாம். மாஸ்டர் டெம்போ இல்லாவிட்டாலும் இதனால் ஏறும் சுதி மூன்று சென்ட்டுக்கும் குறைவு. ஒரே எண்ணில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் ஆபத்துதான். எதுவும் முட்டாது, ஆனால் எதுவும் நகராது. மெலடியே இல்லாத ஒரு தாள டிராக்கை இடையில் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓடவிட்டால் காது பழைய சட்ஜத்தை மறந்துவிடும். அதன் பிறகு எந்தக் கீயிலும் இறங்கலாம்.

எல்லாம் பார்த்த பிறகும் மேடையில் புளிப்பு கேட்டால், வால்யூம் ஃபேடரைப் பதறி இறக்க வேண்டாம். அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். புதியதன் மிட்டை உடனே இறக்கி, தாளப் பகுதிக்குப் பின்னால் போய் 16 பீட் லூப் போடுங்கள். கிக்கும் ஹை-ஹாட்டும் ஓடிக்கொண்டிருக்கட்டும். பழைய டிராக்கின் மெலடி அடுத்த 16 பார் முடிவில் ஓயும்போது லூப்பை விட்டுவிட்டு, நான்கு பார் கழித்து மிட்டை ஏற்றலாம்.